கர்ணன் பிழைத்த உலகம்

மோரிஸ் லெப்லாங் 1906இல் ஒரு பிரெஞ்சு மாத இதழில் எழுதிய கதையில், தன்னுடைய திருடன் ஆர்சேன் லூப்பனின் எதிரே ஷெர்லாக் ஹோம்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஹோம்ஸ் அவருக்குச் சொந்தமானவர் இல்லை. ஆர்தர் கோனன் டாயில் இங்கிலாந்தில் ஹோம்ஸ் கதைகளை இன்னும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. லெப்லாங் அந்தத் துப்பறிவாளரைக் கடல் தாண்டி நார்மண்டியில் ஒரு மாளிகைக்கு வரவழைத்தார். ஹோம்ஸ் வந்து சேர்வதற்குள் திருட்டு முடிந்துவிடுகிறது. வழியில் எதிரே வரும் ஒருவனை அவர் பார்க்கிறார், அவனும் பார்க்கிறான், சில வார்த்தைகள் பேசிப் பிரிகிறார்கள். மாளிகைக்குள் போனதும், வீட்டுக்காரருக்கே புரியாதிருந்த ரகசிய வழியைக் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துக் காட்டுகிறார். திரும்பும்போது அவரிடம் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுக்கிறார்கள். பிரித்தால் உள்ளே அவருடைய பைக்கடிகாரம். வழியில் பேசி நின்ற அந்த நேரத்தில் லூப்பன் அதை எடுத்துவிட்டிருக்கிறான்.

லெப்லாங் நினைத்திருந்தால் ஹோம்ஸை மடையனாக்கியிருக்கலாம். சொந்த நாயகனை உயர்த்த அதுதான் சுலபமான வழி. அவர் அப்படிச் செய்யவில்லை. புதிரை அவிழ்க்கும் பெருமையை ஹோம்ஸுக்கு முழுதாகக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அறிவால் இயங்கும் உலகம் ஒன்று, துடுக்கால் இயங்கும் உலகம் இன்னொன்று. இரண்டும் தத்தம் வலிமையோடு மோதின, இரண்டுமே எதையோ இழந்தன. டாயில் தரப்பின் ஆட்சேபத்தால் நூலாக வந்தபோது துப்பறிவாளரின் பெயர் ஹெர்லாக் ஷோல்மெஸ் ஆயிற்று. யாரும் ஏமாறவில்லை.

1908இல் வந்த அடுத்த நூலில் லெப்லாங் இன்னும் தூரம் போனார். அதிலுள்ள 'யூத விளக்கு' கதையில் ஒரு செல்வந்தர் வீட்டில் விளக்கு ஒன்று திருட்டுப் போகிறது. ஷோல்மெஸ் வருகிறார், தடயங்களைச் சேர்க்கிறார், உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறார். உண்மை என்னவென்றால், அந்த வீட்டுப் பெண்மணியைப் பழைய கடிதங்களைக் காட்டி ஒருவன் மிரட்டிக்கொண்டிருந்தான். அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் லூப்பன் அந்தத் திருட்டுக்குள் வந்திருக்கிறான். துப்பறிவாளர் ஜெயிக்கிறார். ஜெயித்த கையோடு ஒரு குடும்பத்தின் நிம்மதியை உடைத்துவிடுகிறார். டாயிலின் கதைகளிலும் ஹோம்ஸ் சில நேரம் குற்றவாளியைப் போகவிடுவார். அங்கே அது அவருடைய பெருந்தன்மையாகத் தெரியும். உண்மையைக் கண்டுபிடிப்பதே ஒரு தீங்காக முடியலாம் என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாக அவர் முகத்துக்கு நேரே கேட்க, வேறொரு உலகத்திலிருந்து ஒரு திருடன் வரவேண்டியிருந்தது.

ஒருவர் படைத்த பாத்திரத்தை இன்னொருவர் படைத்த பாத்திரத்தோடு சந்திக்க வைக்கும் கதையை கிராஸோவர் என்கிறார்கள். நடந்த கதையில் ஒன்றை மாற்றிவிட்டு, மாறிய உலகத்தில் அதே மனிதர்களை வாழவிடுவது மாற்றுலகக் கதை. ஏயூ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். லெப்லாங் எழுத்தால் பிழைத்தவர். இன்று இந்த இரண்டு வகையையும் பெரும்பாலும் எழுதுகிறவர்கள் ரசிகர்கள், காசு வாங்காமல், ஆசைக்காக எழுதுகிறவர்கள். 2009இல் திறக்கப்பட்ட 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற காப்பகத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆக்கங்கள் சேர்ந்திருக்கின்றன. 2019இல் அந்தக் காப்பகத்துக்கு ஹியூகோ விருது கிடைத்தது. இவ்வளவு பெரிய எழுத்துப் பரப்பை நம் சிறுபத்திரிகை உலகம் திரும்பிப் பார்த்ததில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. பார்க்கத் தகுதியில்லாதது என்ற எண்ணம் ஒரு காரணமாக இருக்கலாம். எதைக் கொண்டு அளப்பது என்ற திகைப்பும் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்று கேட்டால் இந்தக் கதைகள் எல்லாமே தோற்கும். உண்மையாக இருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அவை தொடங்குகின்றன. தனித்து நிற்கிறதா என்று கேட்டாலும் தோற்கும். பாதிக் கதை வாசகர் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

நான் கேட்பது வேறு. ஒன்றை மாற்றினாயே, அதற்கு என்ன கொடுத்தாய்?

லெப்லாங்கின் கதைகளை வைத்துக்கொண்டு நம் ஊர் கிராஸோவர் ஒன்றைப் பார்க்க விரும்புகிறேன். 'அல்லி அரசாணி மாலை' புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கதைப்பாடல். பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகி, திருவிழாக் கடைகளில் விற்று, கூத்தாகவும் நாடகமாகவும் படமாகவும் ஆனது. மதுரையை ஆளும் அல்லி, பாண்டியன் தவமிருந்து பெற்ற பெண். பறிபோன நாட்டை நீண்முகனிடமிருந்து மீட்டு, ஆண் துணையின்றி ஆள்கிறாள். அந்த மதுரைக்குத் தீர்த்த யாத்திரை வருகிறான் பாரதத்து அர்ச்சுனன். வியாசரின் சித்திராங்கதை இந்தப் பாத்திரத்துக்குள் எங்கோ இருக்கிறாள். ஆனாலும் அல்லி அவளுடைய மறுபதிப்பு அல்ல. அவள் மதுரைக்காரி. அவளுடைய ஊரும் படையும் கோபமும் இங்கேயே விளைந்தவை. அந்த வகையில் இது இரண்டு உலகங்களின் சந்திப்பு: எல்லோருக்கும் தெரிந்த இதிகாசம் ஒருபுறம், பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் தங்களுடையதாகவே வைத்திருந்த அரசி ஒருபுறம்.

சந்திப்பில் என்ன நடக்கிறது? அர்ச்சுனன் ஆசைப்படுகிறான், அல்லி அவனை அவமதித்துத் தண்டிக்கிறாள். வில்லால் ஆகாததைக் கிருஷ்ணன் தந்திரத்தால் நடத்தி வைக்கிறான். அர்ச்சுனன் பாம்பாகிறான். பாம்பாட்டியின் கூடையில் அரண்மனைக்குள் போகிறான். அல்லிக்குப் பாம்பு பிடித்துப்போகிறது, தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். அவள் தூங்கும்போது அவன் மனித உருவெடுத்துத் தாலி கட்டிவிட்டுப் போகிறான். விழித்துப் பார்த்து அவள் கொதிக்கிறாள். படை திரட்டுகிறாள். கடைசியில் கதை அவளைப் பாண்டவர் வீட்டு மருமகளாக்கி, புலந்திரனைப் பெறவைத்துத்தான் ஓய்கிறது.

இந்தக் கதையை நேசித்தவர்கள் கோடிப் பேர். அல்லி ராஜ்யம் என்ற சொல் இன்றும் வீடுகளில் புழங்குகிறது. ஆனாலும் விலையைக் கேட்டால், இங்கே ஒரு பக்கம்தான் கொடுத்திருக்கிறது. அல்லி தன் நாட்டின் தனிமையை, தன் உடம்பின் மீதான உரிமையை, வேண்டாம் என்று சொல்லும் பலத்தை எல்லாம் இழக்கிறாள். அர்ச்சுனன் எதையும் இழக்கவில்லை. அவன் அஞ்ஞாதவாசத்தில் பிருகன்னளையாகப் பட்ட அவமானத்தில் ஒரு துளிகூட இந்தக் கதைக்குள் அவனைத் தொடவில்லை. அடுத்த கதையில் பவளத் தேர் தேடிப் புறப்பட்டுப் பவளக்கொடியை மணக்கிறான். இரண்டு உலகங்கள் சந்தித்ததாகச் சொல்லிவிட்டு, ஒன்றை மற்றொன்றுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டார்கள்.

அதே நேரத்தில், பாடியவர்கள் அல்லியின் கோபத்தைக் குறைத்துப் பாடவில்லை என்பதைச் சொல்லவேண்டும். தாலியைக் கண்டு அவள் கொதிக்கும் இடம் கதைப்பாடலிலேயே உயிருள்ள பகுதிகளில் ஒன்று. முடிவு அவளுக்கு எதிராக இருக்கிறது. அவளுக்குக் கிடைத்த குரல் முடிவைவிடப் பெரியதாக இருக்கிறது. ரசிகர் எழுத்தை விமரிசிக்கிறவர் இந்த இரண்டையும் தனித்தனியாகக் காணப் பழகவேண்டும். முடிவைப் பார்த்துக் கதையைத் தள்ளினால் அந்தக் குரலையும் சேர்த்துத் தள்ளிவிடுவோம்.

மாற்றுலகக் கதைக்கு வருகிறேன். 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரில் 1967 அக்டோபரில் ஒளிபரப்பான 'மிரர், மிரர்' என்ற கதை, இந்த வகையைப் புரிந்துகொள்ள நான் மீண்டும் மீண்டும் போகும் இடம். எழுதியவர் ஜெரோம் பிக்ஸ்பி. கப்பல் தலைவர் கிர்க்கும் மூவரும் ஒரு புயலில் தடுமாறி, தங்கள் கப்பலைப் போலவே இருக்கும் இன்னொரு கப்பலுக்குள் போய் விழுகிறார்கள். அங்கே அமைதியை நாடும் கூட்டமைப்பு இல்லை, பேரரசு இருக்கிறது. மேலதிகாரியைக் கொன்றால் பதவி உயர்வு. தவறு செய்தவனுக்குச் சித்திரவதைப் பெட்டி. தெரிந்த முகங்கள் எல்லாம் குரூரமாகியிருக்கின்றன. கிர்க்கின் துணைத் தலைவர் ஸ்பாக்குக்குத் தாடி இருக்கிறது.

ஆனால் ஸ்பாக் ஸ்பாக்காகவே இருக்கிறார். இதுதான் அந்தக் கதையின் உயிர். அவரும் பேரரசின் ஊழியர்தான், அதன் கட்டளைகளை நிறைவேற்றுகிறவர்தான். அதோடு அவர் வீணாகக் கொல்ல விரும்பாதவர், காரணம் கேட்கிறவர், சரியான வாதத்தைச் செவிகொடுத்துக் கேட்கிறவர். விடைபெறும்போது கிர்க் அவரிடம்தான் பேசுகிறார், இந்தப் பேரரசு நிலைக்காது, நீ மாற்று என்று. அவரும் யோசிப்பதாகச் சொல்கிறார். எல்லாவற்றையும் மாற்றியபின் ஒருவரிடம் மாறாமல் எது மிஞ்சுகிறதோ அதுவே அந்தப் பாத்திரம் என்பதை இந்தக் கதையில்தான் தெளிவாக உணர்ந்தேன். மாற்றுலகம் என்பது அந்த மிச்சத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை.

நீல் கெய்மன் 2003இல் எழுதிய 'எ ஸ்டடி இன் எமரால்டு' இதே சோதனையைத் தலைகீழாகச் செய்கிறது. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ஹோம்ஸின் லண்டனும் லவ்கிராஃப்டின் பேய்த் தெய்வங்களும் சேர்ந்த உலகம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் புராதன ஜந்துக்கள் பூமியை வென்றுவிட்டன. அரியணையில் அவைதான் உட்கார்ந்திருக்கின்றன. ஆப்கானிஸ்தானில் காயம்பட்ட ஒரு ராணுவ வீரர், பேக்கர் தெருவில் ஒரு துப்பறிவாளரோடு தங்கி, அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் கொலையைத் துப்புத் துலக்குகிறார். வழக்கமான கதையைப் போலவே போகிறது. முடிவில்தான் தெரிகிறது, கதை சொல்லும் வீரர் ஹோம்ஸின் தோழர் டாக்டர் வாட்சன் இல்லை, ஹோம்ஸின் எதிரியான மொரியார்ட்டியின் கையாள் மோரன், துப்பறிவாளர் மொரியார்ட்டி. தேடப்படும் கொலையாளிதான் ஹோம்ஸ், அவருக்குத் துணையாக நொண்டி நடக்கும் ஒரு டாக்டர்.

ஒரே ஒரு மாற்றம், எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தோல்வி. அதன் விளைவைக் கூச்சமில்லாமல் கடைசிவரை பின்தொடர்ந்தால், சட்டத்தின் காவலர் கொலைகாரராக நிற்கவேண்டியிருக்கிறது. டாயிலின் ஹோம்ஸ் ராணிக்கும் அரசுக்கும் உழைத்தவர். அவர் உண்மையின் பக்கம் நின்றாரா, அரியணையின் பக்கம் நின்றாரா என்று நாம் கேட்டதில்லை. டாயிலின் கதைகளில் இரண்டும் பெரும்பாலும் ஒரே பக்கம் இருந்தன. கெய்மன் இரண்டையும் பிரித்து வைத்துப் பார்க்கிறார், ஹோம்ஸ் உண்மையின் பக்கம் போகிறார். மூலக் கதைகளைத் திரும்பப் படிக்கும்போது அந்த மனிதர்மீது எனக்கு மரியாதை கூடியது. நல்ல மாற்றுலகக் கதை மூலத்துக்கு இப்படி ஏதாவது திருப்பிக் கொடுக்கும்.

இந்த அளவுகோலை வைத்து ரசிகர்களின் காபிக் கடைக் கதைகளைத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். போர்வீரர்களையும் மந்திரவாதிகளையும் ஒரு காபிக் கடையில் வேலைக்கு வைத்து, சண்டை, சாவு, சாம்ராஜ்யம் எதுவுமின்றிக் காதலிக்கவிடும் கதைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பல மந்தமானவை. பெயரை மாற்றிவிட்டால் யார் யார் என்றே தெரியாது. பாத்திரத்தின் துயரத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் எதையும் வைக்கவில்லை என்பதே அவற்றின் குறை. ஆனால் நன்றாக எழுதப்பட்டவற்றில் ஒன்று நடக்கும்: போர் இல்லாத இடத்திலும் அந்தப் போர்வீரனின் முன்ஜாக்கிரதை அவனைவிட்டுப் போகாது, கதவைப் பார்த்தபடியே உட்காருவான். எழுதியவர் அந்த ஆளைத் தெரிந்து வைத்திருக்கிறார். அந்த ஒரு பழக்கத்தை வைத்து மூலத்தின் முழுச் சுமையையும் உணர்த்திவிட முடியும்.

தமிழில் எல்லோருக்கும் தெரிந்த மாற்றுலகம் மணிரத்னத்தின் 'தளபதி', 1991. கர்ணனாகச் சரக்கு ரயிலில் விடப்பட்ட குழந்தை சூர்யா, துரியோதனனாக அவனை அணைத்துக்கொள்ளும் தேவராஜ், கலெக்டராக வரும் தம்பி அர்ஜுன். குருக்ஷேத்திரத்தை ஒரு சின்ன ஊரின் அடிதடிக்குள் கொண்டுவந்ததில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது! கவச குண்டலம் இல்லை. குழந்தையைச் சுற்றி அனுப்பிய மஞ்சள் சால்வை இருக்கிறது, தாய் அதைக் கண்டு அறிகிறாள். வியாசரிடம் இல்லாத ஒன்றைப் படம் தானாகச் சேர்க்கிறது: சூர்யா அடித்துக் கொன்றவனின் மனைவி பத்மா. கொலைக்குப் பிறகு ஒரு விதவையும் ஒரு குழந்தையும் மிஞ்சுவார்கள் என்பதைக் கர்ணனின் கதை அவன் கண்முன் கொண்டுவந்து வைத்ததில்லை. இங்கே அவர்கள் அவன் வீட்டுக்குள்ளேயே வருகிறார்கள். கொடுக்கவேண்டிய விலை என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

ஆனால் படத்தின் பெரிய மாற்றம் கர்ணன் சாகவில்லை என்பது. சாவது தேவராஜ். நண்பனுக்குப் பதில் நண்பன் என்று இதை ஒரு ஈடாகக் கொள்ளலாம். நீண்ட நாள் நானும் அப்படித்தான் பார்த்தேன். இப்போது எனக்குப் போதவில்லை. கர்ணன் களத்தில் செத்ததைவிடப் பெரிய துயரம், தான் நிற்கும் பக்கம் தவறானது என்று தெரிந்தும் நகராமல் நின்றது. துரியோதனன் அவனுக்கு நல்ல நண்பன், உலகத்துக்குக் கெட்டவன். இந்த முடிச்சுதான் கர்ணன். படத்தில் தேவராஜ் ஊருக்கும் நல்லவன். அர்ஜுன் தன் தம்பி என்று தெரிந்தபின்னும் சூர்யா தன்னுடன் நிற்கிறான் என்பதை அறிந்து உருகுகிறவன், விட்டுக்கொடுக்கத் தயாராகிறவன். கெட்டது எல்லாம் கலிவரதன் என்ற வேறொருவனுக்குப் போய்விட்டது. முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது, அதன்பின் கர்ணன் பிழைப்பதற்குத் தடையே இல்லை. துரியோதனனை நல்லவனாக்கிய அந்த மாற்றம் கர்ணனைப் பிழைக்கவைத்த மாற்றத்தைவிடப் பெரியது. படம் அதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டு, அதற்குரிய விலையைக் கொடுக்கவில்லை. மற்றபடி எந்தக் காட்சியிலும் குறை காண மனம் வராத படம் அது. நேசிக்கும் ஒன்றைப் பற்றித்தான் இவ்வளவு யோசிக்கத் தோன்றுகிறது.

நேசித்து எழுதப்பட்டதை விமரிசிக்கலாமா என்ற கேள்வி ரசிகர் எழுத்துக்குள் நீண்ட நாளாக இருக்கிறது. 'ஸ்டார் டிரெக்' ரசிகர்கள் 1967இல் 'ஸ்பாக்கனாலியா' என்ற இதழைத் தொடங்கினார்கள்; அடுத்து வந்த ஆண்டுகளில் இப்படிப் பல இதழ்கள், எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1973இல் பாலா ஸ்மித் என்பவர் ஒரு பக்கக் கதை ஒன்றை எழுதினார். அதில் வரும் லெப்டினன்ட் மேரி சூவுக்குப் பதினைந்தரை வயது, கப்பற்படையிலேயே இளையவள். வந்தவுடன் தலைவர் காதலிக்கிறார். கப்பலையே நடத்துகிறாள். கடைசியில் எல்லோரும் அழ இறந்துபோகிறாள். வந்து குவிந்த கதைகளில் மீண்டும் மீண்டும் பார்த்த ஒரு குறையை, அதே எழுத்துலகத்துக்குள் இருந்தவர் அதே வடிவத்தில் சுட்டிக்காட்டினார். நல்ல விமரிசனம் அது. மூல உலகத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறாய், அதற்கு எதுவும் தருவதில்லை என்பதே அதன் சாரம்.

பிறகு நடந்தது வருத்தமானது. மேரி சூ என்ற பெயர், திறமையுள்ள எந்தப் பெண் பாத்திரத்தின் மீதும் எறியப்படும் கல்லாக மாறியது. பதின்மூன்று, பதினான்கு வயதில் முதல் கதை எழுதும் பெண்பிள்ளைகள் அந்தப் பெயருக்குப் பயந்து, தங்கள் கதைகளில் பெண்களையே வைக்காமல் எழுதக் கற்றுக்கொண்டார்கள். எல்லாச் சண்டையிலும் ஜெயித்து எல்லோராலும் காதலிக்கப்படும் ஆண் நாயகர்களுக்கு இப்படி ஒரு பெயரை யாரும் அவ்வளவு வேகமாகத் தேடவில்லை. ஒரு குறிப்பிட்ட கதையைப் படித்துச் சொல்லப்பட்ட தீர்ப்பு, படிக்காமலேயே சொல்லக்கூடிய தீர்ப்பாக ஆனதும் விமரிசனம் செத்துவிடுகிறது.

அந்தக் காயத்தின் விளைவாக இன்று ரசிகர் எழுத்தில் ஒரு நாகரிகம் வேரூன்றியிருக்கிறது: எழுதியவர் கேட்காமல் குறை சொல்லாதே, இது அன்பளிப்பு, பிடிக்காவிட்டால் படிக்காதே. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் எப்போதும் இதையே விதியாக்கினால், ஒரு கோடிக் கதைகள் பாராட்டை மட்டும் கேட்டு வளரும். விமரிசனம் எழுதியவருக்கு அனுப்பப்படும் புகார்க் கடிதம் என்ற எண்ணம்தான் இங்கே இடைஞ்சல். என் வரையில் அது வாசகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. ஒரு கதையைப் படித்த இருவர், மூலத்தையும் படித்தவர்கள், அது என்ன செய்தது, எதைச் செய்யத் தவறியது என்று பேசுவதற்கு எழுதியவரின் அனுமதி தேவையில்லை. எழுதியவர் அந்தப் பேச்சைக் கேட்கவேண்டிய கட்டாயமும் இல்லை. யாராவது உட்கார்ந்து இப்படிப் பேசும் அளவுக்குத் தன் கதை பொருட்படுத்தப்படுகிறது என்பது எந்த எழுத்தாளருக்கும் கிடைக்கவேண்டிய மரியாதை. பாராட்டு மட்டும் அதைத் தராது.

புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தின் தலையில் ஒரு குறிப்பு எழுதினார். ராமாயணம் அறிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதைத் தான் பொருட்படுத்தவில்லை என்கிற பொருளில். ரசிகர்கள் தங்கள் கதைகளுக்கு முன் எழுதும் எச்சரிக்கைக் குறிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். கம்பன் அகலிகையைக் கல்லாக்கியிருந்தான். வால்மீகியில் அவள் கல்லாகவில்லை. புதுமைப்பித்தன் கம்பனின் கல்லை எடுத்துக்கொண்டு, ராமன் காலடியில் உயிர் பெற்றவளைத் தொடர்ந்து வாழவிடுகிறார். சீதை தீக்குளித்தாள் என்று சீதையின் வாயாலேயே கேட்டபின் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். மாற்றியது ஒரே ஒரு செய்தி: அவளுக்கு அது தெரியவந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை, தன் கதாநாயகி அடைந்த விமோசனம் முழுவதும். 1943இல் அது 'கலைமக'ளில் வந்தபோது எழுந்த வாதங்கள் இன்றும் முடியவில்லை. பொருட்படுத்தவில்லை என்று எழுதியவர் சொல்லிவிட்டதால் யாரும் பேசாமல் இருந்துவிடவில்லை, நல்லவேளையாக.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலைத் தழுவிய படங்கள் 2022இலும் 2023இலும் வந்தபின், ஆதித்த கரிகாலனையும் நந்தினியையும் வைத்து இளையோர் மாற்றுலகக் கதைகள் எழுதுகிறார்கள், பல ஆங்கிலத்தில். இது புதிதல்ல. கல்கி முடித்த இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். விட்ட கதையைத் தொடரும் ஆசை தமிழ் வாசகர்களுக்கு எப்போதும் உண்டு. இப்போதைய கதைகளின் ஆசை வேறு. அவை தொடர விரும்பவில்லை, தடுக்க விரும்புகின்றன. பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையை வெட்ட ஓங்கிய வாளைக் கரிகாலன், நந்தினி கெஞ்சியதைக் கேட்டு இறக்கியிருந்தால்?

இந்தக் கேள்வியின் இதயத்தில் இருக்கும் கருணையை நான் மதிக்கிறேன். அந்த இளைஞன் கடம்பூர் மாளிகையில் அப்படிச் சாகவேண்டாம், அந்தப் பெண் பழிவாங்குவதற்காகவே வாழவேண்டாம் என்று ஒரு பதினேழு வயது வாசகி நினைத்து, விடிய விடிய எழுதுகிறாள். எழுதட்டும். ஆனால் அந்த வாள் இறங்கியவுடன் எவ்வளவு சரிகிறது என்று அவளோடு உட்கார்ந்து பேச ஆசைப்படுகிறேன். நந்தினிக்குப் பெரிய பழுவேட்டரையரை மணக்கக் காரணம் இல்லை. பாண்டியனின் ஆபத்துதவிகளுக்குப் பழிவாங்கும் சபதம் இல்லை. கரிகாலன் உயிரோடு இருந்தால் பட்டத்து இளவரசன் அவன்தான். உத்தம சோழன் அரியணைக்கு வருவதும், அவனுக்குப் பின் 985இல் கரிகாலனின் தம்பி அருள்மொழி ராஜராஜனாவதும் நடக்காது. 1010இல் தஞ்சையில் பெரிய கோயில் எழும்பாது, அல்லது வேறு யாராவது வேறு எதையாவது கட்டுவார்கள். 993இல் ராஜராஜனின் படை ஈழத்துக்குப் போகாது. அநுராதபுரம் அந்த வருடம் அழியாது. ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பமாட்டான். ஹோம்ஸை மாற்றினால் ஒரு நாவலின் உலகம் மாறும். கரிகாலனை மாற்றினால் கல்வெட்டுகள் மாறும். கல்கியின் பாத்திரங்களில் பாதிப் பேர் உண்மையாக வாழ்ந்தவர்கள்.

நான் படித்தவற்றில் பெரும்பாலான கதைகள் இங்கேதான் கண்ணை மூடிக்கொள்கின்றன. கரிகாலனும் நந்தினியும் சேர்கிறார்கள், பின்னணியில் அருள்மொழி எப்படியோ ராஜராஜன் ஆகிவிடுகிறான், கோயிலும் நிற்கிறது. அப்படியானால் அந்த வாளை இறக்கியதால் யாருக்கு என்ன ஆயிற்று? அண்ணன் அரசாளும் சோழ நாட்டில் கொடும்பாளூர் வானதியோடு ஓர் ஓரமாக வாழும் அருள்மொழியை, தம்பிக்காகக் கட்டிய கனவுகளை எல்லாம் மடித்து வைத்துவிட்டுப் பழையாறையில் இருக்கும் குந்தவையை யாராவது எழுதவேண்டும். கரிகாலன் நல்ல அரசனாக இருப்பானா என்பதையும் நேர்மையாக எழுதவேண்டும். கல்கியின் கரிகாலனைப் படித்தவர்களுக்கு அந்தக் கோபத்தின் கையில் ஒரு நாட்டைக் கொடுக்கத் தயக்கம் வரும். நந்தினிக்கு அந்த அரண்மனையில் என்ன இடம்? வீரபாண்டியன் உயிரோடு இருக்கிறானே, அவன் எங்கே?